செத்தவீடு என்று எழுதிய சீடி

அந்தச் சீடியின் மேல் கறுப்பு மார்க்கரால் ‘பெரியம்மா – செத்தவீடு’ என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தது ஒரு விளையாட்டு. பனிமலையில் சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன் சறுக்கிக்கொண்டு வருவான். மரத்தில் முட்டாமல் அவனைக் கீழே கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் கதை. ஆனால் சீடி லேசுப்பட்ட சீடி இல்லை. அதைப் போட்டுக் கணினியைத் திறந்தால் விண்டோஸ் வராது. விண்டோஸ் மாதிரியே கணினியை ஓட்டுகிற லினக்ஸ் வரும். லினக்ஸ் வந்த கையோடு தொப்பிக்காரனும் வருவான். செய்தது என் அண்ணை. பக்கத்தில் இருந்து கருத்துச் சொல்லியே அவன் உயிரை எடுத்தது நான். எனக்கு அப்போது பதினொரு வயது. இப்போது கம்பசில் நாலு வருடமாகக் கணினிதான் படிக்கிறேன், இதைவிடப் பெரிய வேலையெல்லாம் செய்து புள்ளி வாங்கியிருக்கிறேன். ஒன்றும் அந்தச் சீடிக்குக் கிட்ட வராது. பெருமைக்குச் சொல்லவில்லை. அதை வைத்து நாங்கள் செய்த காரியத்தில் பெருமைப்பட எதுவும் இல்லை.

பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. முன்வீடு பெரியம்மாவுடையது, பின்வீடு எங்களுடையது. பெரியப்பா நான் பிறக்க முதலே போய்விட்டார். ஒரே மகன் சுவிசில். அவரைச் சுவிஸ் அண்ணை என்போம், எங்கள் வீட்டில் இருந்தவனை வெறும் அண்ணை. சுவிஸ் அண்ணைக்கு அங்கே விசா அலுவல் முடியவில்லை. நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. அதனால் அவர் வரவில்லை, பதிலுக்கு முன்வீட்டுக்கு ஒரு கணினி வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா முகத்துக்குப் பவுடர் போட்டு, ஸ்டூடியோவில் படம் எடுக்க இருப்பதுபோல விறைப்பாக அதன் முன்னால் இருப்பார். சுவிஸ் தூரம் என்பதால் கத்தித்தான் கதைப்பார். சந்தையில் வாங்கின மீனைச் சட்டியோடு கொண்டுவந்து கமராவுக்குக் காட்டுவார். “பார் ராசா, இண்டைக்கு விளைமீன்!” கதைத்து முடிந்ததும் கணினியை நிற்பாட்டப் பயம். தன் கையால் நிற்பாட்டினால் மகனை வெட்டிவிட்டது மாதிரி இருக்குமாம். அண்ணையைக் கூப்பிட்டு, “நான் குசினிக்குப் போனாப்பிறகு நிப்பாட்டு” என்று சொல்லிவிட்டுச் சட்டியோடு அடுப்படிக்குப் போவார்.

ஒருநாள் காலையில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். எழும்பவில்லை.

எங்கள் பக்கம் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டில் செத்தவீடு என்றால், சவப்பெட்டி வர முதல் கமராக்காரர் வந்துவிடுவார். வர முடியாத பிள்ளை பிறகு சீடியில் பார்க்க வேண்டுமே. எங்கள் கமராக்காரர் கெட்டிக்காரர். ஒப்பாரி உச்சத்தில் இருக்கும்போது அம்மாவின் தோளில் தட்டி, “அக்கா, கொஞ்சம் அங்காலை இருந்து அழுங்கோ, முகத்தை மறைக்குது” என்றார். அம்மாவும் சொன்னபடி அங்காலை நகர்ந்து இருந்து அழுதார்.

மகன் இல்லாததால் கொள்ளி வைத்தது அண்ணை. பதினெட்டு வயது. ஏ.எல். சோதனை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை யாழ்ப்பாண ரவுனில் கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். அப்போதுதான் அரும்பியிருந்த மீசையையும் வழித்துவிட்டிருந்தார்கள். சுடலையால் வந்து கிணற்றடியில் குளித்துவிட்டு நின்றவனைப் பார்க்க எனக்குப் பம்பலாக இருந்தது. ‘அவிச்ச முட்டை’ என்று பட்டம் வைத்தேன். அடிக்க வருவான் என்று ஓடத் தயாராக நின்றேன். அவன் வரவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து அடுத்த நாள் கமராக்காரர் வந்தார். கலியாண மாதம், மூன்று கலியாணம் கையில் இருக்கிறது, சீடி அடித்துத்தர ஒரு மாதம் செல்லும் என்றார். அது சரிவராது. சுவிசில் இருந்து லீவில் வந்திருந்த சுன்னாகத்து மாமா இரண்டு கிழமையில் திரும்பப் போகிறார். அவரின் கையில் கொடுத்துவிட வேண்டும்.

“எங்கடை தம்பி கம்பியூட்டர்தானே படிக்கிறான்” என்றார் அப்பா. “நீங்கள் எடுத்ததை அப்பிடியே ஏத்திவிடுங்கோ. சீடியை அவன் அடிப்பான்.”

கமராக்காரர் முன்வீட்டுக் கணினியில் வீடியோவை ஏற்றினார். எழும்பும்போது அண்ணையிடம், “முழுக்க ஒருக்காப் பாத்து, தேவையில்லாததுகளை வெட்டிவிடுங்கோ தம்பி” என்றார். அண்ணை தலையாட்டினான்.

அன்று பின்னேரம் நான் முன்வீட்டுக்குப் போனபோது, அண்ணை பெரியம்மாவின் கதிரையில் இருந்தான். விரல் கணினியின் பட்டனில் இருந்தது. அமத்தவில்லை.

“என்ன அண்ணை, கரண்ட் இல்லையோ?”

“இருக்கு.”

கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தான். “எடியே, நாங்கள் ஒரு விளையாட்டுச் சீடி செய்வமோ?”

எனக்குக் கேட்கவும் வேண்டுமா? ஆனால் அண்ணை ஒரு சட்டம் போட்டான். விண்டோசுக்குள் போகக்கூடாது. “ஹார்ட் டிஸ்க்கிலை வீடியோ கிடக்கு. தெரியாமல் ஏதும் அழிஞ்சு போச்சுதெண்டால் சுவிஸ் அண்ணை தன்ரை அம்மான்ரை முகத்தைப் பாக்கவே ஏலாது. விளங்குதோ?”

“அப்ப என்னண்டு விளையாடுறது?”

“அதுக்குத்தான் லினக்ஸ். சீடியிலை இருந்தே எழும்பும். உள்ளுக்கை கிடக்கிற ஒண்டையும் தொடாது.”

என்ன ஒரு பொறுப்பான பிள்ளை என்று நினைத்தேன். நானே அவனை இப்படி நினைத்தது அதுதான் முதல் தடவை.

கட்டுகிற வேலை வகுப்பில்தான் நடந்தது. அங்கே இணையத்தில் ஒரு சின்ன லினக்சை இறக்கி, விளையாட்டை அதற்குள் வைத்து, சீடியில் எழுதி, சைக்கிளில் கொண்டுவருவான். நான் படலையில் நிற்பேன். முதல் சீடியைப் போட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. லினக்ஸ் கோப்பை விரித்து எழுதாமல், பொட்டலத்தை அவிழ்க்காமலே கொடுப்பது மாதிரி, அப்படியே ஒற்றைக் கோப்பாகச் சீடியில் போட்டிருந்தான். இப்போது முதலாம் வருடப் பிள்ளைகள் இந்தப் பிழை விட்டால் நான் வாய்விட்டுச் சிரிப்பேன். இரண்டாவது சீடியில் கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்து மழை கொட்டி, பாதியில் நின்றது. மூன்றாவதில் தொப்பிக்காரன் வந்தான், ஆனால் மவுஸ் அசையவில்லை. ஆள் நேரே மரத்தில் போய் முட்டினான், திரும்ப முட்டினான், திரும்பவும் முட்டினான். நான் உருண்டு உருண்டு சிரித்தேன். அண்ணையும் சிரித்தான். செத்தவீட்டுக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெரிய தலையிடி இடம்தான். பெரியம்மாவின் கணினிக்கு மெமரி என்கிற ஞாபகம் மிகவும் குறைவு. லினக்சும் விளையாட்டும் சேர்ந்து முழுக்க அந்த ஞாபகத்துக்குள் அடங்கிவிட்டால், சீடியை வெளியே எடுத்து வைத்துவிட்டும் விளையாடலாம். அதற்கு லினக்சை மெலிய வைக்க வேண்டும். அண்ணை அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தான். சிவப்புப் பேனை என் கையில்.

“பிரிண்டருக்கு உரியது?”

“எங்களிட்டை ஏது பிரிண்டர்? வெட்டு.”

“கடிதம் எழுதிறது?”

“ஆருக்கு எழுத? வெட்டு.”

“மணிக்கூடு?”

“சுவரிலை கிடக்கு. வெட்டு, வெட்டு.”

எனக்குப் போதை ஏறிவிட்டது. உலகத்தில் இத்தனை வேண்டாத சாமான்கள் இருப்பது அதுவரை தெரியாது. ஒரு வரி வந்தது. பாட்டுக் கேட்க, வீடியோ பார்க்க. அதை மட்டும் வைத்திருப்போம் என்றேன். அண்ணை என் கையில் இருந்த பேனையை வாங்கி, தானே அந்த வரியை வெட்டினான். கடதாசி கிழிகிற அளவுக்கு.

இதற்குள் பின்வீட்டில் அப்பா ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தார். “டேய், சீடி அடிச்சாச்சோ?”

“நாளைக்கு அப்பா.”

“உவனுக்கு எல்லாம் நாளைக்குத்தான்! மாமா பெட்டி கட்டத் துவங்கீட்டார்.”

அம்மாதான் குறுக்கே வருவார். “அவனைப் பேசாதேங்கோ. பாவம், அவனும் களைச்சுப் போனான்.” சொல்லிவிட்டு அம்மா மிளகாய்த்தூள் வறுக்கப் போய்விடுவார். சுவிஸ் அண்ணைக்கு மாமாவிடம் கொடுத்துவிட மிளகாய்த்தூள், பனங்கிழங்கு ஒடியல், பனம்பழப் பினாட்டு. சீடி கடைசியாக அவற்றுக்கு நடுவில் போகும் என்று ஏற்பாடு.

ஏழாவது சீடி ஓடியது. போட்டதும் திரை கறுத்து, வெளுத்து, பனிமலை வந்தது. இரண்டு நிமிடத்தில் சீடியை வெளியே எடுத்தோம். தொப்பிக்காரன் அப்போதும் சறுக்கிக்கொண்டே இருந்தான். நான் பெரியம்மாவின் கட்டிலில் ஏறிக் குதித்தேன். பிறகு அது யாருடைய கட்டில் என்று நினைவு வந்து இறங்கினேன்.

அண்ணை மார்க்கரை எடுத்து, சீடியின் மேல் ஆறுதலாக எழுதினான். பெரியம்மா – செத்தவீடு.

“ஏன் அண்ணை உப்பிடி எழுதுறாய்?”

“இப்பிடி எழுதினால் வீட்டிலை ஒருத்தரும் தொடமாட்டினம்.”

அட, என்ன மூளை! உண்மையும் அதுதான். அந்த வீடியோவைப் போட்டுப் பார்க்கிற நெஞ்சு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இல்லை. விளக்கேற்றப் போகிற நேரம் தவிர அம்மா முன்வீட்டுப் பக்கமே திரும்புவதில்லை.

நான்கு பின்னேரங்கள் விளையாடினோம். அண்ணை முதல் ஆட்டம் ஆடிவிட்டுக் கதிரையை என்னிடம் தந்துவிடுவான். தான் நிலத்தில் சுவரோடு சாய்ந்து இருந்து என் ஆட்டத்தைப் பார்ப்பான். சுவிசில் இப்படித்தான் பனி இருக்குமா என்று கேட்டேன். இருக்கும் என்றான். கரண்ட் போனால் எல்லாம் அழிந்துவிடும், திரும்ப மலை உச்சியில் இருந்து. எனக்கு அழுகை வரும். அவன், “அழாதை. ஒண்டும் நடக்காத மாதிரித் திரும்பத் துவங்கலாம், அதுதான் இதின்ரை நல்லது” என்பான்.

ஐந்தாம் நாள் காலையில் சுன்னாகத்து மாமா வான் வண்டியில் வந்து இறங்கினார். ஒரு நாள் முந்தி வந்துவிட்டார். “வாற வழியிலை அப்பிடியே வாங்கிக்கொண்டு போவம் எண்டு வந்தனான். கொழும்புக்கு இப்பவே வெளிக்கிடுறம்.” அம்மா அவசரமாகப் பொதிகளைக் கட்டினார். அப்பா, “சீடி எங்கையடா?” என்றார். அண்ணை பொதிக்கு முடிச்சுப் போடக் குனிந்தான். அப்பா தானே முன்வீட்டுக்குப் போனார். கணினியின் மேல் இருந்த சீடியை எடுத்தார், எழுதியிருந்ததை வாசித்தார், ஒருமுறை கண்ணில் ஒற்றினார். கடதாசியில் சுற்றி மாமாவின் கையில் கொடுத்தார்.

“பத்திரம். அவன் அங்கை இதுக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறான்.”

“அண்ணை, அது எங்கடை…” என்று தொடங்கினேன். அவன் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தான். வான் போய்விட்டது.

கிணற்றடியில் வைத்து அவனை அடித்தேன். “சுவிஸ் அண்ணை பெரியம்மாவைப் பாக்க எண்டு போட, தொப்பிக்காரன் வரப்போறான்! ஏன் நீ சொல்லேல்லை? அப்பாட்டை அடி விழுமெண்டு பயமோ?”

“ஓம், பயம்தான்.” அவன் அடியைத் தடுக்கவே இல்லை. “மற்றச் சீடியைப் பிறகு தபாலிலை அனுப்பலாம்.”

மற்றச் சீடி, உண்மையான செத்தவீட்டுச் சீடி என்று ஒன்று இருக்கிறதே, நல்லவேளை. எனக்கு அரைவாசிப் பாரம் இறங்கியது. மிச்ச அரைவாசியைச் சுமந்துகொண்டு இரண்டு கிழமை திரிந்தேன். தொலைபேசி அடித்தால் கக்கூசுக்குள் போய் ஒளிந்தேன். சுவிஸ் அண்ணை அழுதுகொண்டு அம்மாவிடம் சொல்வார், அம்மா அப்பாவிடம் சொல்வார், பிறகு நாங்கள் தொலைந்தோம். அண்ணையோ தொலைபேசி அடித்தாலும் இருந்த இடத்திலேயே இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திவிட்டுத் தொலைபேசியைச் சத்தமாகப் போட்டார்.

“சித்தி, எல்லாம் கிடைச்சுது. சீடியும் பாத்தன்.”

“பாத்தியோ ராசா? முகம் வடிவாத் தெரிஞ்சுதோ?”

“ஓம் சித்தி. நித்திரை மாதிரிக் கிடந்தா. தம்பி வடிவாச் செய்திருக்கிறான்.”

அம்மா அழுதார். ஆனால் அது அந்த ஒரு மாதமும் அழுத மாதிரி இல்லை. “அவன் பாத்திட்டான்” என்று அப்பாவிடம் சொன்னார். “இனி அவனுக்கு ஆறும்.”

நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். வெளிநாட்டுக்குப் போனால் இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்லப் பழக்கிவிடுவார்களா? எங்களை அடியில் இருந்து காப்பாற்றுகிறார், வேறென்ன! பிறகு சுவிஸ் அண்ணை, அண்ணையோடு கதைக்க வேண்டும் என்றார். அண்ணை தொலைபேசியைச் சத்தம் குறைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். நான் பின்னால் போனேன். அவன் கனநேரம் ஓம், ஓம் என்று மட்டும் சொன்னான். கடைசியில், “என்னாலை ஏலாமல் போச்சு அண்ணை” என்றான். சீடி அடிக்கத் தெரியாது என்று நடிக்கிறான், கள்ளன், என்று நினைத்தேன். அவன் தொலைபேசியை என்னிடம் நீட்டிவிட்டு முற்றத்தில் அப்படியே குந்திவிட்டான்.

“எடி பிள்ளை” என்றார் சுவிஸ் அண்ணை. “அந்தச் சிவப்புத் தொப்பிக்காரன் என்ரை கையிலை நெடுக முட்டுறான். அந்த ரெண்டு மரத்துக்கும் நடுவாலை என்னண்டு போறது?”

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. அவர் விளையாடுகிறார்! கோபமே இல்லை! இருந்தும் மனச்சாட்சி குத்தியது. குரலைத் தாழ்த்தி, “மற்றச் சீடியை அனுப்பட்டோ?” என்றேன்.

“வேண்டாம் பிள்ளை. உது அங்கையே கிடக்கட்டும். நீ சொல்லு, மரத்தை எப்பிடி விலத்துறது?”

சொன்னேன். இடப்பக்கம் எப்போது சாய்ப்பது, எந்த இடத்தில் கையை எடுப்பது, மூன்றாவது வளைவில் ஏன் அவசரப்படக்கூடாது, எல்லாம். பத்து நிமிடம் விடாமல் சொன்னேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். அந்தக் குளிர் நாட்டில் தடிமன் பிடித்திருக்கும் என்று நினைத்தேன்.

அண்ணை எனக்கு இன்னொரு சீடி செய்து தரவில்லை. ஏ.எல். முடிவு வந்தது, கணினி வகுப்பை விட்டான், கிளிநொச்சியில் ஒரு கட்டடச் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். இன்றைக்கும் அங்கேதான். கணினியில் எனக்கு ஒரு சந்தேகம் என்றால்கூட, “எனக்கு உதுகள் மறந்துபோச்சு” என்பான். சுவிஸ் அண்ணைக்கு விசா சரிவந்து, ஒருமுறை வந்து போனார். வீடியோவைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

போன வருடம் முன்வீட்டைத் திருத்தியபோது அந்தப் பழைய கணினி என் கைக்கு வந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் மடிக்கணினியில் பொருத்தினேன். மற்றச் சீடிக்காக அண்ணை வெட்டி ஒட்டிய பதிப்பு எங்கேயாவது இருக்கும் என்று தேடினேன். இல்லை. கமராக்காரர் ஏற்றிய கோப்பு மட்டும் இருந்தது. அது கடைசியாகத் திறக்கப்பட்ட நாள் என்று காட்டியது எட்டுச் செலவுக்கு அடுத்த நாளை, அதாவது அவர் ஏற்றிய அதே நாளை. அதற்குப் பிறகு ஒருவரும் அதைத் தொடவில்லை. மற்றச் சீடி என்று ஒன்று இருந்ததே இல்லை.

நான் பார்த்தேன். பெண்பிள்ளைகள் சுடலைக்குப் போவதில்லை. அதனால் பிற்பாதி முழுவதும் எனக்குப் புதிது. அண்ணை தோளில் குடத்தோடு மூன்று முறை சுற்றி வருகிறான். யாரோ ஒருவர் அவன் காதோடு கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறார், மறுமுனையில் சுவிஸ் அண்ணை. “ஓம் அண்ணை… இப்ப வைக்கப்போறன் அண்ணை” என்கிறான். பிறகு அவனைத் திருப்பி நிற்பாட்டுகிறார்கள். சிதைக்கு முதுகு காட்டியபடி, பின்பக்கமாகக் கையைக் கொண்டுபோய்க் கொள்ளி வைக்கிறான். முகம் என்னுடைய பதினொரு வயது முகத்தைவிடச் சின்னதாக இருக்கிறது. ஒரு கிழவரின் குரல் சொல்கிறது: “திரும்பிப் பாக்காமல் நட தம்பி. என்ன சத்தம் கேட்டாலும் பாக்கக்கூடாது.” அவன் நடக்கிறான். கமராக்காரர் பின்னால் ஓடுகிறார், படம் ஆடுகிறது. “தம்பி, ஒருக்கா இஞ்சாலை திரும்புங்கோ, முகம் விழேல்லை!” அவன் திரும்பவில்லை. அவனுடைய முதுகு சுடலை வாசலைத் தாண்டிப் போகும்வரை படத்தில் இருக்கிறது.

அந்தப் பிள்ளையைத்தான் பத்து நாள் போகமுதல் கணினிக்கு முன்னால் கொண்டுபோய் இருத்தி, எல்லாவற்றையும் முதலில் இருந்து பார், பார்த்து வெட்டு என்று சொன்னோம். அவன் அதைப் பார்க்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தான். நான் அவன் பக்கத்தில் குந்தியிருந்து, கெதியாச் செய் அண்ணை, கெதியாச் செய் என்று ஆய்க்கினைப்படுத்திக்கொண்டிருந்தேன். எனக்கு விளையாட வேண்டியிருந்தது.